டார்ச் லைட்டு வண்டி

இரண்டு வருடங்களுக்கு முன், கார்த்திகை மாத அடைமழையில், கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூர் போகிற பாதையில் உள்ள ஒரு மலைக்கிராமத்தில் நடந்தது இது. ஊர்ப் பெயர் வேண்டாம். துக்க வீட்டுக் கதை, அவர்கள் சங்கடப்படுவார்கள்.

நானும் என் கணவரும் கொடைக்கானலில் காய்கறி சப்ளை செய்கிறோம். மேல்மலை ஊர்களில் கேரட், உருளை, பீன்ஸ், பூண்டு ஏற்றி வந்து ஹோட்டல்களுக்கும் பள்ளிக்கூட மெஸ்களுக்கும் போடுவதுதான் தொழில். அதற்கு எங்களிடம் ஒரு பழைய டீசல் வண்டி இருந்தது. புகை விட்டாலும் குணமான வண்டி. ஒருநாள் அதை விற்றுவிட்டு, கரண்டில் ஓடுகிற குட்டி லாரி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார் என் கணவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கே அந்த வண்டிக்கு "சக்களத்தி" என்று பெயர் வைத்துவிட்டேன்.

பெயருக்குப் பழுதில்லாமல்தான் நடந்துகொண்டார் மனுஷன். பனி விழுகிற நாளில் எழுந்து போய் அதற்குத் தார்ப்பாய் போர்த்துவார். என் நல்ல துண்டை எடுத்துக் கண்ணாடி துடைப்பார். சார்ஜை ரொம்பக் கீழே இறங்க விடவே மாட்டார். "அடி வரைக்கும் எறங்கினா பேட்டரிக்கு ஆகாதும்மா" என்பார். எனக்குத் தலைவலி என்றால் மாத்திரை இருக்கிற அலமாரியைக் கையால் காட்டுகிற ஆள் இவர்.

வண்டியின் பின்பக்கம், வீட்டுச் சுவரில் இருப்பது மாதிரியே இரண்டு ப்ளக் பாயின்ட் வைத்திருந்தார்கள். அதைக் காட்டுவதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

"இதுல மிக்ஸி ஓடும், ஃபிரிட்ஜ் ஓடும், தெரியுமா?"

"கேரட் ஏத்தப் போற எடத்துல எவ சட்னி அரைக்கப் போறா?" என்றேன். ஒரு வருடத்துக்கு மேலாகியும் அந்த ப்ளக்கில் ஒன்றும் மாட்டியதில்லை. ஆனால் அதன் மூடியை மட்டும் வாரா வாரம் துடைத்துவிடுவார்.

வண்டியைக் கேலி செய்வதில் எனக்குக் கூட்டு ஒருவர் இருந்தார். நாங்கள் பூண்டு எடுக்கிற விவசாயி. எங்களுக்குச் சொந்தமில்லை, மதமும் வேறு. பழகின பழக்கத்தில் எனக்குப் பெரியப்பா ஆகிவிட்டார், அதனால் என் கணவர் அவருக்கு மாப்பிள்ளை. வெயில் அடித்தாலும் காதை மூடுகிற பனிக்குல்லா இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. எங்கள் வண்டி ஊர் வளைவில் திரும்பும்போதே தோட்டத்திலிருந்து குரல் வரும்.

"ஏலே, வந்துருச்சுலே டார்ச் லைட்டு!"

கிளம்பும்போது இன்னொரு முறை. "மாப்ள, பேட்டரிக் கட்டை புதுசா மாத்திட்டிகளா? பாதி வழியில மங்கிறப் போகுது!" என் கணவர் முகம் சுருங்கும். நான் சிரிப்பை அடக்க முந்தானையைத் தேடுவேன்.

பெரியப்பாவுக்கு ஒரே மகள். டெல்லியில் நர்ஸ். எந்தப் பேச்சை எடுத்தாலும் சுற்றி வளைத்து அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பூண்டு விலை, மழை, எலித் தொல்லை, எதுவானாலும் கடைசியில் "எம் மக டெல்லியில..." என்றுதான் முடியும்.

அந்த வருடம் அவருக்குக் கிட்னி கெட்டுப்போனது. கால், முகம் எல்லாம் நீர் கோத்து வீங்கிவிட்டது. கார்த்திகையில் ரொம்பவும் முடியாமல் போனதும் மகளுக்குத் தகவல் போனது. புயல் மழைக்கு விமானம் கிடைக்காமல் அந்தப் பெண் ரயில் ஏறிவிட்டாள். ரயில் பாதி தூரம்கூட வந்திருக்காது, விடிகிற நேரத்தில் பெரியப்பா போய்விட்டார்.

அவருடைய தம்பிதான் போன் செய்தார். நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். "மாப்ள, அண்ணன் போயிட்டாரு. புள்ள வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வைக்கணும். பெட்டிக்காரன் இந்த மழைக்கு மேல ஏற மாட்டேங்கிறான். நீங்க வெரசாக் கொண்டாந்திருங்க."

நான் அழுதுகொண்டே செருப்பைத் தேடுவதற்குள் என் கணவர் வண்டியில் தார்ப்பாய் விரித்து முடித்திருந்தார். கண்ணாடி மூடி போட்ட அந்த நீளப் பெட்டியை ஏற்றிக்கொண்டு மலை ஏறினோம். ஊர் வளைவு திரும்பும்போது இரண்டு பேருமே தோட்டத்துப் பக்கம் பார்க்கவில்லை.

வீட்டுக்குள் பெட்டியை வைத்து, சுவரில் ப்ளக்கை மாட்டி, அவரை அதில் கிடத்தினார்கள். மகள் மறுநாள் மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள் என்று பேச்சு. மாலை போட்டுவிட்டு, போய்விட்டு நாளைக்கு வரலாம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே காற்று பிடித்துக்கொண்டது. ஊருக்குக் கீழே இரண்டு பெரிய யூக்கலிப்டஸ் மரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தன. விழுந்தவை கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தன. பெட்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

லைன்மேனுக்குப் போன் போட்டால், மலை முழுக்க இதே கதை, இன்றைக்கு நாளைக்கு ஆகாது என்றுவிட்டார். ஊரில் இருந்தது ஒரே ஒரு ஜெனரேட்டர், அது மைக்செட்காரருடையது. அவர் பழனியில் ஒரு கல்யாணத்துக்கு அதைக் கொண்டுபோயிருந்தார்.

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சித்தப்பாதான் சொன்னார், சொல்லும்போதே குரல் உடைந்தது. "நீர் கோத்த ஒடம்பு. பெட்டி ஓடலைன்னா தாங்காது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துருவோம். வேற வழி இல்ல."

பெட்டிக்குப் பக்கத்தில் கண்ணாடியின் மேல் ஒரு கையை வைத்தபடி பெரியம்மா உட்கார்ந்திருந்தார். "புள்ள வரட்டும்" என்றார். அவ்வளவுதான். யார் என்ன சொன்னாலும் அந்த இரண்டு வார்த்தைதான்.

அந்த நேரம் பார்த்து மகளிடமிருந்து போன். சித்தப்பா ஸ்பீக்கரில் போட்டார். ரயில் சத்தத்துக்கு நடுவே விட்டுவிட்டுக் கேட்டது. "சித்தப்பா, நான் வர்றதுக்குள்ள அப்பாவை எடுத்துராதீங்க. ஒரு தடவை மொகத்தைப் பாத்துக்கறேன் சித்தப்பா." லைன் அறுந்துவிட்டது. அத்தனை ஆம்பிளைகளும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு மனசு தாங்கவில்லை. அப்போதுதான் சட்டென்று பொறி தட்டியது. பக்கத்தில் நின்ற கணவரை இடித்து, இருக்கிற இடம் மறந்து சத்தமாகவே கேட்டுவிட்டேன். "ஏங்க, நம்ம சக்களத்தி இருக்காள்ல?"

துக்க வீட்டில் அந்த வார்த்தை விழுந்தால் எப்படி இருக்கும்? ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டு என் கணவரை மேலும் கீழும் பார்த்தார்கள். பெரியம்மாகூடத் தலையை நிமிர்த்தினார். மனுஷன் கூனிக் குறுகி, "வண்டி... வண்டியைச் சொல்றா" என்றார். அடுத்த நிமிடமே அவருக்கும் விளங்கிவிட்டது. ப்ளக் பாயின்ட்!

மழையில் ஓடிப்போய் வண்டியைப் பின்னாலேயே எடுத்து வாசலோடு ஒட்டி நிறுத்தினார். ஜன்னல் வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து மாட்டியதும் பெட்டி முனகிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. சித்தப்பா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "அண்ணே, டார்ச் லைட்டு எரியுதுண்ணே" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துவிட்டு மறுபடியும் அழுதார்கள்.

வண்டியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சார்ஜ் இருந்தது. என் கணவர் திரையைப் பார்த்துக் கணக்குப் போட்டு, "பெட்டி மட்டும் ஓடினா நாளைக்கு மத்தியானம் தாண்டித் தாங்கும். நாங்க கீழ போறதுக்கும் மிச்சம் இருக்கும்" என்றார்.

"பெட்டி மட்டும்" என்று அவர் சொன்னது காற்றோடு போயிற்று. முதலில் யாரோ அதே எக்ஸ்டென்ஷனில் ஒரு போன் சார்ஜ் போட்டார்கள். வெளியூர்ச் சொந்தத்துக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டுமே! அப்புறம் நாலைந்து போன். சாவு வீட்டு வாசல் இருட்டாக இருக்கக் கூடாது என்று ஒரு பல்பு. இவரால் ஒருவரையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பெற்ற பிள்ளை ஸ்கூலில் முதல் ரேங்க் வாங்கின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் மாட்டிக் கொடுத்தார். பிறகு மரம் வெட்டப் போன ஆண்களோடு அவரும் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் குளித்துவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குள் நுழைய வேண்டும். கீழ்நாட்டில் அது ஒரு விஷயமே இல்லை, கிணற்றடியில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டால் முடிந்தது. மேல்மலையில் கார்த்திகை மழையில் வயதானவர்கள் பச்சைத் தண்ணீரில் குளித்தால் அடுத்த சாவு விழும். எப்போதும் வாசலில் பெரிய அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு வெளியே கிடந்த விறகெல்லாம் ஊறிப்போய்ப் புகைதான் வந்தது.

பக்கத்து வீட்டு அத்தை பார்த்தார். பெரியப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை, இரக்க குணம் உள்ளவர். கரண்ட்தான் வண்டியிலிருந்து வருகிறதே என்று தன் வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடைக் கொண்டுவந்து மீதமிருந்த ப்ளக்கில் மாட்டிவிட்டார். ஒரு வாளி காய்ந்தது. ஒரு பாட்டையா குளித்துவிட்டு வாழ்த்திக்கொண்டு போனார். அடுத்த வாளி. அப்புறம் அடுத்த வாளி.

உள்ளே எங்களுக்கு இது தெரியாது. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தோம். ஒப்பாரியில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அந்தச் சத்தத்தில் பெரியம்மா திடீரென்று என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"பெட்டி அசங்கலைத்தா. நின்னுபோச்சு."

காலையிலிருந்து அவர் கை அந்தக் கண்ணாடி மேலேயே இருந்ததல்லவா? பெட்டி ஓடுகிற அதிர்வு கையில் நின்றதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை.

வெளியே ஓடினேன். பல்பு அணைந்திருந்தது. வாளிக்குப் பக்கத்தில் அத்தை ஒன்றும் புரியாமல் நின்றார். ராடு, பெட்டி, பல்பு, போன்கள் எல்லாம் சேர்ந்ததும் பாரம் தாங்காமல் வண்டி தானாகவே ப்ளக்குகளை நிறுத்திவிட்டது. ஆள் அனுப்பி என் கணவரைக் கூப்பிட்டோம். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ஓடிவந்தவர் ராடைப் பிடுங்கிவிட்டு, திரையில் எதையோ அழுத்தி மறுபடி உயிர் கொடுத்தார். பெட்டி ஓடியது. ஆனால் சார்ஜைப் பார்த்தவர் முகத்தை நான் பார்த்தேன். எனக்கு அந்த முகம் தெரியும்.

"வெந்நீர்தான் நெறையக் குடிச்சிருச்சு. காலைல வரைக்கும் ஓடும் சித்தப்பா. மத்தியானம் வரைக்கும்னா என்னால உறுதி சொல்ல முடியலை" என்றார். மாமா என்று கூப்பிடுகிறவர், பதற்றத்தில் என் முறை அவர் வாயில் வந்துவிட்டது.

அத்தை அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் மொகத்தைப் புள்ள பாக்க விடாமப் பண்ணிட்டேனே, பாவி!"

"நல்லது நெனச்சுத்தானே அத்தை செஞ்சீங்க" என்று தூக்கிவிட்டேன். என் கணவரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதற்காக அவரை எனக்கு ரொம்பப் பிடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொருவராக வந்து அவரவர் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மகள் கூப்பிட வேண்டுமே என்று சித்தப்பா போனை மட்டும் விட்டுவைத்தார்கள். ஒருவர் பல்பைக் கழற்றிவிட்டு எண்ணெய் விளக்கு ஏற்றி வைத்தார். வீட்டுக்கு வீடு அடுப்புக்கு மேலே பரண் உண்டு, பூண்டு காய வைக்கிற இடம். அங்கே தங்களுக்கென்று சேர்த்து வைத்திருந்த காய்ந்த விறகை இறக்கிக்கொண்டு வந்து அண்டாவுக்கு அடியில் போட்டார்கள். முதலில் கொண்டுவந்தது அந்த அத்தைதான்.

மறுநாள் வெள்ளனே, வண்டிக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கண்ணயர்ந்திருந்த என்னை இவர் தட்டி எழுப்பினார்.

"இன்னும் கொஞ்சத்துல வண்டி தானா நிப்பாட்டிரும். ஓடறதுக்கு வேணும்னு மிச்சம் பிடிச்சு வைக்கும். நாம சொன்னா அதுக்குக் கீழயும் எறங்கும்" என்றவர், கொஞ்சம் தயங்கி, "எறக்கட்டுமா?" என்று கேட்டார்.

இந்த வண்டியை வாங்கும்போது என்னைக் கேட்காதவர், இதைக் கேட்டார். அடி வரைக்கும் இறங்கினால் பேட்டரிக்கு ஆகாது என்று ஆயிரம் தடவை சொன்னவர். இறக்கிவிட்டால் கரண்ட் இல்லாத ஊரில் வண்டி எத்தனை நாள் கிடக்குமோ! ஹோட்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள். எல்லாம் எனக்கும் தெரியும்.

"எறக்குங்க. அந்தப் புள்ள வரட்டும். சக்களத்தி இங்கயே கெடந்தா கெடக்கட்டும், தொணைக்கு நானும் கெடக்கேன்" என்றேன்.

சிரித்துக்கொண்டே அழுத்தினார். அழுத்திவிட்டு ஸ்டியரிங்கை மெல்லத் தடவிக் கொடுத்தார். அன்றைக்கு எனக்குப் பொறாமை வரவில்லை.

ரயில் திண்டுக்கல்லுக்குத் தாமதமாக வந்தது. அந்தப் பெண் பஸ் பிடித்து கொடைக்கானல் வந்து, அங்கிருந்து தெரிந்தவர் ஜீப்பில் மரம் விழுந்த இடம் வரை வந்துவிட்டாள் என்று போன் வந்தது. மரத்தை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கைகொடுத்துத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினார்கள். என் கணவர் வண்டித் திரையைவிட்டு நகரவே இல்லை. நான் வாசலுக்கும் வண்டிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சார்ஜ் ஒற்றை இலக்கத்துக்கு வந்து, அதிலும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஏசப்பா, முருகா, யாராவது ஒருத்தர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டேன்.

தோளில் ஒரு பை, முழங்கால் வரை சேறு. வந்துவிட்டாள். அவள் வாசல்படி ஏறும்போது பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடி மூடியைத் திறந்தார்கள். உடனே அழுவாள் என்று எல்லோரும் அவளைத் தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றோம். அவள் அழவில்லை. அப்பாவின் கன்னத்தையும் காதையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"இப்பிடி ஜில்லுன்னு இருக்காரே. அப்பா குல்லா எங்கம்மா?"

பெரியம்மா மடியிலிருந்து அதை எடுத்தார். முதல் நாளிலிருந்து இடுப்பில் செருகியே வைத்திருந்திருக்கிறார். அந்தப் பெண் அப்பாவின் தலையை மெல்லத் தூக்கி, குல்லாவைப் போட்டு, காதுவரை இழுத்து மூடிவிட்டாள். அதற்கப்புறம்தான் "அப்பா" என்று வெடித்தாள். அந்த வீட்டில் அழாதவர் ஒருவரும் இல்லை. என் கணவர் வாசலுக்குப் போய் வண்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

எல்லாம் முடிந்து, வெட்டின மரங்களை ஒதுக்கி வழி விட்டார்கள். சக்களத்தியால் மேட்டில் ஏற முடியாது. சித்தப்பா தன் டீசல் ஜீப்பில் கயிறு கட்டி மேட்டின் உச்சி வரை இழுத்துவிட்டார். அதற்கப்புறம் இறக்கம். இறங்க இறங்க அந்த வண்டி தானே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். அப்படியும் இப்படியுமாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

கிளம்பும்போது அந்த வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாவு வீட்டில் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாதே! வழக்கமாக எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாசல், படி, தெரு என்று மூன்று இடத்தில் நின்று சொல்லிவிட்டுப் போகிறவள் நான். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு வண்டியில் ஏறினேன். அந்தப் பெண் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. நெஞ்சில் என்னவோ பாதியில் நின்ற மாதிரி இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து பூண்டு ஏற்றப் போனோம். ஊர் வளைவு வந்ததும் இவர் வேகத்தைக் குறைத்தார். குரல் வராத அந்த வளைவை நினைத்துத்தான் இரண்டு பேரும் வழி முழுக்கப் பேசாமல் வந்திருந்தோம்.

"வந்துருச்சு டார்ச் லைட்டு!"

தோட்டத்தில் அப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் நின்றிருந்தாள். மறுநாள் டெல்லிக்குத் திரும்புகிறாளாம். மூட்டைகளை எங்களோடு சேர்ந்து அவளும் ஏற்றினாள். முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கு வாயைத் தொறந்து ஒண்ணுமே சொல்ல முடியலைக்கா. இப்பச் சொல்றேன். போயிட்டு வாங்க." பிறகு என் கணவரைப் பார்த்து, "மாமா, பேட்டரிக் கட்டை மாத்திட்டீகளா?" என்றாள்.

அந்தக் கேலிக்கு எப்போதும் முகம் சுருங்குகிற மனுஷன், "மாத்திட்டேம்மா" என்றார். கீழே இறங்குகிற வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்டி ஓட்டினார். நான் என் துண்டைக் கொடுத்தேன்.

இப்போதும் நாங்கள் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்று வாய்நிறையச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறுகிறேன். அதைச் சொல்ல முடிகிற நாளெல்லாம் நல்ல நாள்தான் என்று அந்தப் பெண்ணிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.